பரோட்டா மாஸ்டரின் முழங்கை: ஆறாவது வாரமும் ஓராண்டும்

பின்னணி

இந்த நிகழ்வில் வருபவர் நாற்பதுகளின் பிற்பகுதியில் இருக்கும் ஆண். சிங்கப்பூரின் வடக்குப் பகுதியில், அடுக்குமாடி புளோக் ஒன்றின் கீழ்த்தளத்தில் உள்ள உணவுக்கடையில் பரோட்டா மாஸ்டராக வேலை பார்க்கிறார். நிரந்தரவாசி. இருபது ஆண்டுக்கும் மேலாக இதே தொழில். வலது கைப் பழக்கம். நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுகிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றி, அவருடைய ஒப்புதலோடு இதை எழுதுகிறேன். மருத்துவமனை ஒன்றின் வெளிநோயாளிப் பிரிவில் அவருக்குச் சிகிச்சையளித்த பிசியோதெரபிஸ்ட் நான்.

அவருக்கு வந்தது டென்னிஸ் எல்போ. முழங்கையின் வெளிப்புற எலும்பு முனையில், மணிக்கட்டைப் பின்னோக்கித் தூக்கும் தசையின் நாண் (தசையை எலும்போடு பிணைக்கும் நார்) ஒட்டும் இடத்தில் வரும் வலி. நூறு பேரில் ஒருவர் முதல் மூவர் வரை இதற்கு ஆளாகிறார்கள். பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் தானாகவே அடங்கிவிடும். அப்படியிருக்க இதற்கு ஏன் ஒரு முழு ஆய்வு என்று கேட்கலாம். அந்த ஓராண்டை எப்படிக் கடப்பது என்பதில்தான் சிக்கல். கையை நம்பிப் பிழைக்கும் ஒருவர் நடுவில் எடுக்கும் முடிவு அந்த ஓராண்டை இன்னும் நீளமாக்கிவிடக்கூடும்.

கடையில் மாவு பிசைய ஓர் ஆள், கல்லில் நிற்க ஓர் ஆள் என்று இருவர் இருந்தார்கள். மாவு பிசைந்தவர் ஊருக்குப் போனார், திரும்பவில்லை. புதிய ஆள் கிடைக்கும்வரை இவரே இரண்டையும் பார்த்தார். வார நாள் ஒருவாறு ஓடிவிடும். ஞாயிறு காலையில் குடும்பம் குடும்பமாகப் பரோட்டா சாப்பிட வருவது இந்த ஊர் வழக்கம். அன்று விடியற்காலை தொடங்கி மதியம்வரை கை ஓயாது. மூன்றாவது வாரம் வலி ஆரம்பித்தது. வேலை திடீரென்று கூடியதும் அதன்பின் வலி வந்ததும் தற்செயல் இல்லை. தசைநாண் வலிகள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகின்றன. ஆனால் என்னிடம் வருவதற்கு முன், வேலை கூடியதா என்ற கேள்வியை யாரும் அவரிடம் கேட்டிருக்கவில்லை.

முதல் ஊசி, அதன் பிறகு

முதலில் கோடாலித் தைலம். பிறகு அக்கம்பக்கத்தில் ஒரு சின்சேயிடம் (சீன மருத்துவரிடம்) போனார், இரண்டு தடவை தேய்த்துவிட்டார்கள். மருந்துக்கடையில் வாங்கிய வலி மாத்திரை. எதுவும் ஒருநாளைத் தாண்டி நிற்கவில்லை. ஒரு தனியார் மருந்தகத்துக்குப் போனார். பார்த்த அன்றே முழங்கையில் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள்.

மூன்று நாளில் வலி போய்விட்டது. சுத்தமாகப் போய்விட்டது என்கிறார். வீட்டிலிருந்த கருவியில் சர்க்கரை நாலைந்து நாள் வழக்கத்தைவிட நன்றாக ஏறியிருந்தது. ஸ்டீராய்டு ஊசிக்குப் பிறகு நீரிழிவு உள்ளவர்களுக்கு இப்படி ஆவது உண்டு, ஆனால் முன்கூட்டிச் சொல்லப்படாததால் பயந்துபோனார். மற்றபடி சந்தோஷம். கை சரியாகிவிட்டது என்று நினைத்து இரண்டு ஆள் வேலையைத் தொடர்ந்தார். விடுமுறை நாள்களில் கூடுதல் நேரமும் நின்றார்.

பத்தாவது வாரம் வலி திரும்பியது, முன்னைவிட மோசமாக. தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) கிளாஸைத் தூக்க இடது கை தேவைப்பட்டது. துண்டைப் பிழிய முடியவில்லை. அரசாங்கப் பலதுறை மருந்தகத்துக்குப் போய் இன்னோர் ஊசி கேட்டார். அங்கிருந்த மருத்துவர் உடனே போடவில்லை. சர்க்கரை ஏறிய கதையைக் கேட்டுவிட்டு, மானியக் கட்டணத்தில் பார்க்கும்படி மருத்துவமனைக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தார். என்னைப் பொறுத்தவரை இந்த நிகழ்வின் திருப்பம் அந்தக் கடிதம்தான். வரிசையில் அத்தனை பேர் காத்திருக்கும்போது, கேட்டதைக் கொடுத்து அனுப்புவது எளிது.

பரிசோதனையில் தெரிந்தது

சட்டைக் கையை மடித்ததும் கண்ணில் பட்டது ஊசி போட்ட இடம். பத்துக் காசு நாணயம் அளவுக்குத் தோல் வெளுத்து, லேசாகக் குழிந்திருந்தது. ஸ்டீராய்டு தோலடிக் கொழுப்பைக் கரைத்து நிறத்தையும் குறைக்கக்கூடும். நம்மைப் போன்ற கருமையான தோலில் அது எடுப்பாகவே தெரியும். வலியைவிட அந்த வெள்ளைதான் அவருக்குக் கவலை. வெண்குஷ்டமோ என்று மனைவி பயந்திருக்கிறார். அது பரவாது என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் முழங்கைக்கு வந்தேன்.

கழுத்தை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்ததில் கைக்கு வலி இறங்கவில்லை. விரல்களில் மரத்துப்போதல் இல்லை. முழங்கை முழுமையாக நீண்டது, மடங்கியது. வெளிப்புற எலும்பு முனைக்குச் சற்று முன்னால் அழுத்தினால் துள்ளினார். முழங்கையை நீட்டி வைத்து, மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லி எதிர்த்து அழுத்தியபோது அதே வலி. நடுவிரலை மட்டும் தூக்கச் சொன்னபோதும் அதே. பிடிமானக் கருவியில் இடது கை 38 கிலோ காட்டியது. வலது கையில் வலி தொடங்கும் இடத்தில் நிறுத்தச் சொன்னேன்: 11 கிலோ. முழு பலத்தையும் சோதிப்பதைவிட, வலியில்லாமல் எவ்வளவு பிடிக்க முடிகிறது என்பதே இந்த நோயில் நம்பகமான அளவு.

ஸ்கேன் எடுக்கலாமா என்று கேட்டார். எடுக்கவில்லை. வலியே இல்லாதவர்களின் முழங்கையிலும் நாணில் மாற்றங்கள் ஸ்கேனில் தெரிவதுண்டு. படத்தில் என்ன வந்தாலும் நாங்கள் செய்யப்போவது மாறாது. பயத்தைத்தான் அது கூட்டும்.

ஆய்வுகள் சொல்வது

டென்னிஸ் எல்போவை வீக்கம் என்று நினைத்துத்தான் வீக்கம் குறைக்கும் ஸ்டீராய்டைப் போட ஆரம்பித்தார்கள். ஆனால் அறுவை சிகிச்சையில் எடுத்த நாணை நுண்ணோக்கியில் பார்த்தபோது வீக்கத்துக்கான அணுக்கள் அதிகம் இல்லை. இழைகள் ஒழுங்கு கலைந்து, புதிய ரத்தக்குழாய்கள் முளைத்திருந்தன. தேய்ந்து, ஆறாமல் நின்றுபோன நாண் அது.

ஊசிக்குப் பிறகு என்ன ஆகிறது என்பதை மூன்று நல்ல ஆய்வுகள் ஓராண்டுவரை பின்தொடர்ந்து பார்த்திருக்கின்றன. நெதர்லாந்தில் 185 பேரை வைத்துச் செய்து 2002இல் வெளியான ஆய்வில், ஆறாவது வாரத்தில் ஊசி போட்டவர்களில் 92 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். பிசியோதெரபி எடுத்தவர்களில் 47, சும்மா காத்திருந்தவர்களில் 32. இத்தோடு நிறுத்தினால் ஊசிக்கே வெற்றி. ஓராண்டு முடிவில் பார்த்தால் வரிசை தலைகீழ்: ஊசி 69, பிசியோதெரபி 91, காத்திருந்தவர்கள் 83. சும்மா இருந்தவர்கள்கூட ஊசி போட்டவர்களை முந்திவிட்டார்கள்.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பனில் 198 பேரிடம் நடந்து 2006இல் வெளிவந்த ஆய்வும் இதே போக்கைக் காட்டியது. ஆனாலும் ஊசியில் இருக்கும் மருந்தா, ஊசி குத்துவதா எது காரணம் என்ற கேள்வி பாக்கி இருந்தது. அதே நகரில் 165 பேருடன் நடந்து 2013இல் வெளியான ஆய்வு அதற்கு விடை தேடியது. பாதிப் பேருக்கு ஸ்டீராய்டு, பாதிப் பேருக்கு மருந்தில்லாத உப்புநீர். ஓராண்டில் நன்கு தேறியவர்கள் ஸ்டீராய்டில் 83 விழுக்காடு, உப்புநீரில் 96. வலி திரும்பியவர்கள் ஸ்டீராய்டில் 54 விழுக்காடு, உப்புநீரில் 12. ஸ்டீராய்டுதான் வேறுபாட்டை உண்டாக்கியது என்பது அதில் தெளிவானது.

அதே 2013 ஆய்வில் என் தொழிலுக்குச் சாதகமில்லாத செய்தியும் உண்டு, அதையும் அவரிடம் சொன்னேன். ஓராண்டு முடிவில் பிசியோதெரபி எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஸ்டீராய்டு போடாதவர்களுக்கு முதல் சில வாரங்களில் அது உதவியது. வலி மாத்திரை குறைந்தது. ஸ்டீராய்டு போட்டபின் பிசியோதெரபி சேர்ப்பது, வலி திரும்புவதைத் தடுக்கவில்லை. இவர் ஏற்கெனவே ஊசி போட்டவர். ஆகவே என்னிடம் வந்துவிட்டதாலேயே சீக்கிரம் குணமாகும் என்று நான் சொல்லவில்லை.

எடுத்த முடிவு, அதற்கான காரணம்

"டாக்டரம்மா, ஊசி போட்டப்ப நல்லாத்தானே இருந்துச்சு. இன்னொன்னு போட்டா என்ன?" என்றார். நான் டாக்டர் இல்லை என்று சொன்னாலும் அப்படித்தான் கூப்பிடுவார்.

ஒரு தாளை எடுத்து இரண்டு கட்டம் போட்டேன். ஒன்றில் ஆறு வாரம், இன்னொன்றில் ஒரு வருஷம். நெதர்லாந்து ஆய்வின் எண்களை இரண்டிலும் எழுதினேன். "அண்ணே, உங்களுக்கு எந்தத் தேதி முக்கியம்?" என்று கேட்டேன். வெகுநேரம் பார்த்தார். கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார், முதலாளிக்குக் காட்ட. அப்புறம் சொன்னார்: "இதை முதல்லயே பாத்திருந்தாலும் ஊசி போட்டிருப்பேனோ என்னவோ. ஆனா போட்டுட்டு ரெண்டு ஆள் வேலை பாத்திருக்க மாட்டேன்."

இதைக் குறித்துவைத்தேன். ஊசியே கூடாது என்பது என் கட்சி இல்லை. மகளுக்குக் கல்யாணம், அடுத்த மாதம் கை வேண்டும் என்று ஒருவர் தெரிந்தே போட்டுக்கொள்ளலாம். ஆனால் இரண்டு தேதியும் தெரிந்த பிறகு போட்டுக்கொள்வது வேறு. ஒன்று மட்டும் தெரிந்து போட்டுக்கொள்வது வேறு. வலி மறைந்ததை நாண் ஆறியதாக எடுத்துக்கொண்டு அதே இடத்தில் சுமையைக் கூட்டினார், அதற்கு யாரும் அவரைத் தடுக்கவில்லை.

இரண்டாவது ஊசி வேண்டாம் என்று முடிவானது. சர்க்கரையும் தோலின் நிலையும் அதற்குத் துணைக் காரணங்கள். நண்பர் ஒருவர், சொந்த ரத்தத்தை எடுத்துப் பிரித்துப் போடும் ஊசியைச் சொல்லியிருந்தார். டென்னிஸ் எல்போவில் அந்த வகை ஊசிகளால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2021ஆம் ஆண்டு மறுஆய்வு சொல்கிறது. கைக்காசு போட்டுச் செய்வதற்கு அதில் ஒன்றுமில்லை என்றேன்.

மீதி இரண்டு வழி. சும்மா காத்திருப்பது, அல்லது வேலையை மாற்றி அமைத்துக்கொண்டு பயிற்சி செய்வது. ஆய்வின் எண்களை மட்டும் பார்த்தால் காத்திருப்பதும் மோசமில்லை. ஆனால் அந்த ஆய்வுகளில் காத்திருந்தவர்களுக்கும் கையை எப்படிப் பயன்படுத்துவது என்று ஆலோசனை இருந்தது. இரண்டு ஆள் வேலையில் நின்றுகொண்டு காத்திருப்பதற்கு அது ஈடாகாது. முழு ஓய்வும் சரிவராது. நாணுக்கு வேலையே இல்லாவிட்டால் அது இன்னும் பலவீனப்படும். வீட்டில் அடுப்பும் எரியவேண்டும். ஆகவே வேலையை நிறுத்தாமல் சுமையைக் குறைப்பது, பிறகு படிப்படியாகக் கூட்டுவது என்று தீர்மானித்தோம்.

கடையில் பார்த்தது

முதலாளியின் அனுமதியோடு மதியம் கூட்டம் ஓய்ந்த நேரத்தில் கடைக்குப் போனேன். வீச்சுதான் கையைக் கெடுக்கிறது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அவரும்தான். வீசச் சொல்லிப் பார்த்தேன். மாவு காற்றில் விரியும்போது அவர் தோளையும் உடம்பையும் சேர்த்துச் சுழற்றினார், மணிக்கட்டு தளர்வாக இருந்தது. வலியைக் கேட்டேன், பத்துக்கு இரண்டு என்றார்.

மாவை உருண்டை பிடிக்கச் சொன்னேன். பிசைந்த மாவைக் கைக்குள் இறுக்கி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிதுக்கி, கிள்ளி எடுத்து எண்ணெய்த் தட்டில் வைத்தார். ஒவ்வொரு பிதுக்கலுக்கும் முன்கைத் தசை புடைத்து எழுந்தது. வலி ஆறு. மாவு வாளியை உள்ளங்கை கீழே பார்க்க ஒற்றைக் கையால் தூக்கி மேடையில் வைத்தார். ஏழு. கடைசியாகக் கல்லைச் சுரண்டினார். முழங்கையை நேராக நீட்டி, மெல்லிய கைப்பிடியுள்ள சுரண்டியை இறுகப் பிடித்து, கரிந்த எண்ணெயை முன்னோக்கித் தள்ளினார். நான் பரிசோதனை அறையில் எதிர்த்து அழுத்தியபோது இருந்த அதே கோலம். எட்டு. இதை ஒருநாளில் எத்தனை தடவை செய்கிறார் என்று அவராலேயே சொல்ல முடியவில்லை.

உருண்டை பிடிக்கும் வேலை யாருக்கும் வேலையாகவே தெரியவில்லை. வீச்சைத்தான் வாடிக்கையாளர் நின்று பார்ப்பார். உருண்டை பிடிப்பது பின்கட்டில் நடக்கும்.

மாற்றங்கள் சின்னவை. மாவைப் பிதுக்காமல் நீளமாக உருட்டி, தகட்டால் வெட்டித் துண்டு போடுவது. கை சற்றே எண்ணெயில் இருந்தால் அப்புறம் உருண்டையாக்க இறுக்கம் தேவையில்லை. வாளியைப் பாதி நிரப்பி, இரண்டு கையால், உள்ளங்கை மேலே பார்க்கத் தூக்குவது. சுரண்டியின் கைப்பிடியில் துணி சுற்றித் தடிமனாக்குவது, முழங்கையை மடித்து உடம்போடு ஒட்டிச் சுரண்டுவது. முதல் ஆறு வாரம் சுரண்டும் வேலையை தே போடும் தம்பி எடுத்துக்கொள்வதாக முதலாளி ஒத்துக்கொண்டார். அதற்கு அந்தத் தாளின் படம் உதவியது என்று நினைக்கிறேன். முன்கையில் கட்டும் பட்டையை வேலை நேரத்தில் மட்டும் போட்டுக்கொண்டார். அது உடனடி வலியைச் சற்றுக் குறைக்கும், அவ்வளவுதான்.

பயிற்சி, இடையில் ஒரு சறுக்கல்

முதல் இரண்டு வாரம் அசையாப் பயிற்சி: மேசை விளிம்பில் முன்கையை வைத்து, சின்ன எடையை மணிக்கட்டு அசையாமல் தாங்கி நிற்பது. பிறகு அதே எடையை மெதுவாக ஏற்றி, அதைவிட மெதுவாக இறக்குவது. வலி பத்துக்கு நாலைத் தாண்டக் கூடாது, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும் என்பதுதான் விதி. வலியே இருக்கக் கூடாது என்று அவர் நினைத்திருந்ததால், முதல் வாரம் பாதிப் பயிற்சியை விட்டுவிட்டார். கொஞ்சம் வலி இருந்தால் நாண் கிழிவதில்லை என்பதைப் பலமுறை சொல்லவேண்டியிருந்தது.

தீபாவளி வாரம் தே போடும் தம்பி ஊருக்குப் போனான். மாஸ்டர் மறுபடியும் எல்லாவற்றையும் தானே பார்த்தார். அடுத்து வந்தபோது வலியில்லாப் பிடிமானம் 17லிருந்து 12க்கு இறங்கியிருந்தது. "எல்லாம் போச்சு" என்று உட்கார்ந்தார். அவருடைய வேலை அட்டவணையையும் அளவுகளையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன்: வாளி, சுரண்டி, இரட்டை நேரம், பிறகு வலி. புதிதாக எதுவும் கெடவில்லை, சுமைதான் கூடியது. ஒரு வாரம் அசையாப் பயிற்சிக்குத் திரும்பி, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம். அந்த நேரத்தில் ஊசி கேட்கவில்லை என்பதை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

விளைவு

மூன்றாவது மாத முடிவில் வலியில்லாமல் 25 கிலோ பிடித்தார். ஆறாவது மாதம் 32. சுரண்டும் வேலையைப் பாதி திரும்ப எடுத்துக்கொண்டார். ஓராண்டு முடிவில் 36. இடது கைக்கு மிக அருகில். ஞாயிறு இரவு லேசான குடைச்சல் இருக்கும், திங்கள் காலையில் போய்விடும். வலி மாத்திரை இல்லை. மறுபடி ஊசி போடவில்லை. தோலில் குழி நிறைந்துவிட்டது, நிறம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை.

இந்தக் குணம் எதனால் வந்தது என்று ஒரே ஒருவரை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. காலம் ஒரு பங்கு, நிச்சயமாக. பயிற்சி ஒரு பங்கு இருக்கலாம். என் கணிப்பில் பெரிய பங்கு மாவு வாளிக்கும் சுரண்டிக்கும்தான். தீபாவளி வாரம் அதைத்தான் காட்டியது.

மாறவேண்டியவை

ஊசி போடும் இடத்திலேயே இரண்டு தேதியின் எண்களையும் காட்டவேண்டும். அதற்கு இரண்டு நிமிடம் போதும். போட்ட பிறகும், வலி இல்லாத அந்த வாரங்களில் சுமையைக் கூட்டாதீர்கள் என்று எழுதிக் கொடுக்கவேண்டும். நீரிழிவு இருந்தால் சர்க்கரை ஏறும் என்பதையும், தோல் வெளுக்கலாம் என்பதையும் சேர்த்தே.

கடைக்குப் போவது முதல் மாதத்திலேயே நடக்கவேண்டும். போக முடியாதபோது, வேலை செய்வதைக் கைபேசியில் காணொளி எடுத்துவரச் சொல்லலாம். எதற்கு வலி எத்தனை என்று அதைப் பார்த்துக்கொண்டே கேட்கலாம். இப்போது எங்கள் பிரிவில் அப்படித்தான் செய்கிறோம்.

இன்னொன்று, தொழிலாளர்களுக்கும் முதலாளிகளுக்கும் தெரியாத விஷயம். சிங்கப்பூரின் பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தில் அறிவிக்கவேண்டிய தொழில்சார் நோய்களின் பட்டியல் இருக்கிறது. கையின் தசை, எலும்பு சார்ந்த கோளாறுகளும் அதில் உள்ளன. வேலையால் வந்தது என்று மருத்துவர் முடிவு செய்தால் மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்கவேண்டும். இவர் விஷயத்தில் இந்தப் பேச்சு ஆறாவது மாதம்தான் வந்தது. வலி தொடங்கியபோதே வந்திருந்தால் மாவு பிசைய இன்னோர் ஆளை அப்போதே போட்டிருப்பார்கள் என்று முதலாளியே சொன்னார்.

அந்த ஆள் இப்போது வந்துவிட்டார். இருபத்து மூன்று வயது. முதல் நாளே மாவைத் தகட்டால் வெட்டக் கற்றுக்கொடுத்தார் மாஸ்டர்.